ஈம் பேய் ஊர் இல்லை: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் தம்பிக்கும் குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும்,

வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டாவது தடவை "பார்க்கலாங்க்கா" வந்தது. மூன்றாவது தடவை நான் எழுதிய கையோடு யாருக்கோ பிறந்தநாள் வந்து, இருபத்தைந்து கேக் படங்களுக்கு மேலே என் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சரி, எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கோடைச் சுற்றுலா இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் ஈம் கிராமத்துக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். தலைப்பு "பேய் கிராமத்தில் ஒரு நாள்". இரண்டு கோச், மதியம் கக்லெட் டெல்ஃப் புல்வெளியில் பிரியாணி, அங்கேயே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு, குழந்தைகளுக்குப் பேய் வேடப் போட்டி. கூடவே போன வருடம் எடுத்த வீடியோவை மறுபடி போட்டு, "இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வரி.

தேதி பார்த்த உடனே எனக்குத் திக்கென்றது. பேங்க் ஹாலிடே வாரம், மறுநாள் லீவு, அதனால் வசதி என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அது புரிகிறது. ஆனால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறுக்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு. பிளேக் ஞாயிறு. 1665இலும் 1666இலும் பிளேக்கில் செத்தவர்களை நினைத்து ஊரார் சர்ச்சிலிருந்து கிளம்பி நடந்து போய் ஒரு பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகிற நாள். நூறு வருடத்துக்கும் மேலாக அங்கேதான் கூடுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான் கக்லெட் டெல்ஃப். அதாவது நீங்கள் பிரியாணி அண்டாவை இறக்கப்போவது அவர்கள் திதி கொடுக்கிற இடத்தில், திதி கொடுக்கிற நாளில். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதாமல் இந்த மடலை இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் தேதியை மட்டும் மாற்றிவிட்டு அதே வீடியோவோடு அதே தலைப்போடு செப்டம்பரில் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த ஊர்க்காரி இல்லை. பதினோரு வருடமாக அந்தப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேரர் வேலை செய்கிறேன். ஸ்டோனி மிடில்டன், ஈம், ஃபூலோ, க்ரிண்டில்ஃபோர்ட் என்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மாத்திரை, குளியல், டோஸ்ட், டீ என்று மதியம் வரை ஓடும். ஈமில் மட்டும் எனக்கு எத்தனையோ வீட்டுச் சமையலறை தெரியும். எந்த வீட்டில் பாத்ரூம் படி வழுக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும். பேயை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

வீடியோவில் முதல் தப்பு பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்மில் பாதிப்பேர் "ஈயம்" என்றுதான் வாசிப்போம். நானும் முதல் நாள் பஸ் டிரைவரிடம் அப்படிக் கேட்டு முழித்தவள்தான். ஊர்க்காரர்கள் சொல்வது "ஈம்". இந்த உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் நம் தம்பி, "ஈமம் என்றால் சுடுகாடு, ஈமச்சடங்கு என்றால் இறுதிச்சடங்கு, பாருங்கள், சாவு ஊருக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்கிறார். கீழே இருநூறு பேர் தீப்பிடிக்கும் படம் போட்டிருக்கிறார்கள். தம்பி, பிளேக் வந்தது 1665இல். ஊர்ப்பெயர் 1086இல் இங்கிலாந்தில் நிலம் சொத்தை எல்லாம் கணக்கெடுத்த டூம்ஸ்டே புத்தகத்திலேயே இருக்கிறது, "ஐயுனே" என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். சாவு வருவதற்கு ஏறக்குறைய 580 வருடத்துக்கு முன்னாலேயே சாவூர் என்று பெயர் வைக்க அவர்கள் என்ன ஜோசியர்களா? பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருக்கிற நிலம். நாம் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டை அரங்கம் என்றும் துருத்தி என்றும் சொல்லி அதையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டோமே, அந்த மாதிரிதான்.

தமிழ் வேர் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்றால் நம் ஆட்கள் தப்பாக வாசிக்கிற ஈயத்தின் பக்கமாவது போயிருக்கலாம், கொஞ்சம் பொருத்தமாக இருந்திருக்கும். ஏனென்றால் ஈம் உண்மையிலேயே ஈயச் சுரங்க ஊர். (இதுவும் தற்செயல்தான், நாளைக்கே இதை வைத்து இன்னொரு வீடியோ போட்டுவிடாதீர்கள்.) பல நூறு வருடம் அந்த ஊர் பிழைத்தது ஈயத்தில். சுரங்கத் தகராறைத் தீர்க்க டார்பிஷயரில் பார்மோட் என்று தனி நீதிமன்றமே வைத்திருந்தார்கள். ஈயம் தீர்ந்த பிறகு ஃபுளூஸ்பார் என்கிற கனிமம் எடுத்தார்கள். நெசவு இருந்தது. ஷூ தொழிற்சாலைகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி பதினைந்து வயதில் அந்த மாதிரி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். முதல் இரண்டு வருடம் அவர் என்னிடம் பிளேக் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் ஃபோர்மேன், சம்பளக் கவர், சனிக்கிழமை ராத்திரி டான்ஸ், பனி மூடிய வருடத்தில் ரொட்டி வராமல் போனது, இதுதான். சர்ச் வளாகத்தில் இருக்கும் கல் சிலுவை ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, நார்மன்கள் வருவதற்கு முந்தியது. அந்த ஊருக்கு அத்தனை வயசு. அதில் பதினான்கு மாதத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு மேல் பேய் முகமூடி மாட்டி, இதுதான் ஊர் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

இரண்டாவது தப்பு, "ஒருத்தர்கூட மிஞ்சவில்லை, அரசாங்கம் ஊரைப் பூட்டிவிட்டது, உள்ளே கத்திக் கத்திச் செத்தார்கள்" என்று வருகிற இடம். பின்னணியில் அந்தப் பெண் குரல் ஓலம் வேறு.

அரசாங்கம் பூட்டவில்லை. நடந்தது இது. 1665 கோடை முடிவில் லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை ஈமில் தையல்காரர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டு வீட்டுக்கு வந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் மூட்டையைப் பிரித்து, ஈரமாக இருந்த துணியை நெருப்புப் பக்கத்தில் காயப்போட்டார், துணியில் பிளேக்கைப் பரப்புகிற தெள்ளுப்பூச்சி இருந்தது என்பது ஊரில் சொல்கிற கதை. செப்டம்பர் 7ஆம் தேதி அவர் செத்தார். அப்புறம் அந்த வீட்டிலேயே ஒரு குழந்தை, அடுத்த வீடு, எதிர் வீடு. குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. அடுத்த வருடம் வெயில் வந்ததும் மறுபடி கிளம்பியது. வசதியுள்ளவர்களில் சிலர் அதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை, லண்டனில் பிளேக் வந்தபோது அரசர் இரண்டாம் சார்லஸே கிளம்பிப் போனவர்தான்.

அந்த நேரத்தில் ஊரில் பாதிரியாராக இருந்தவர் வில்லியம் மாம்பெசன். முப்பது வயதுகூட ஆகாதவர், வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஊருக்கு அவர் மேல் பெரிய பிரியமும் இல்லை. ஊருக்குப் பிரியமான பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லி. 1662இல் வந்த சட்டப்படி புதிய பிரார்த்தனை நூலை ஏற்க மாட்டேன் என்று சொல்லி அவர் பதவி இழந்தவர். நம் சங்கத்துக் கணக்கில் சொன்னால், தேர்தலில் பிரிந்து இரண்டு அணியாக நிற்கிறவர்கள். ஒரே மேடையில் உட்கார மாட்டார்கள். அந்த இரண்டு பேரும் 1666 ஜூனில் சேர்ந்து உட்கார்ந்து ஊராரிடம் பேசினார்கள். எனக்கு அந்தக் கதையில் எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் இதுதான். புதியவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்காது. பழையவர் பக்கத்தில் நின்றதால் கேட்டார்கள்.

முடிவு செய்தது மூன்று விஷயம். செத்தவர்களை அவரவர் குடும்பமே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்வது, சர்ச் வளாகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். சர்ச்சுக்குள் கூட வேண்டாம், கக்லெட் டெல்ஃபில் வெட்டவெளியில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று வழிபட்டுக்கொள்ளலாம். அப்புறம் யாரும் ஊர் எல்லையைத் தாண்டிப் போக வேண்டாம். சாப்பாட்டுக்கு என்ன வழி? பக்கத்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்ப ஒத்துக்கொண்டார். சுற்று ஊர்க்காரர்கள் எல்லையில் பொருளை வைத்துவிட்டுப் போவார்கள், இவர்கள் காசை வினிகர் ஊற்றிய குழியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்கள். ஸ்டோனி மிடில்டன் போகிற பாதையில் அந்த எல்லைக்கல் இன்னும் இருக்கிறது, குழிகளோடு. நான் வேலை முடிந்து சில நாள் அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். குழிகளின் விளிம்பு விரல் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும்.

1666 ஆகஸ்டில் மட்டும் 78 பேர். மேட்டில் ரைலி என்ற இடத்தில் எலிசபெத் ஹான்காக் என்பவர் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே குழி தோண்டிப் புதைத்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி பாதிரியார் மாம்பெசனின் மனைவி காத்தரின் செத்தார். பிள்ளைகளை முன்னாலேயே வெளியூருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கணவனோடு நின்றுகொண்டவர். கடைசிச் சாவு நவம்பர் 1. அந்த மாதம் மாம்பெசன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது, 76 குடும்பங்களில் 259 பேர் என்று அதில் கணக்குச் சொல்கிறார். பொதுவாக 260 என்பார்கள்.

ஒருத்தர்கூட மிஞ்சவில்லை என்கிறீர்களே, எலிசபெத் ஹான்காக்கே பிழைத்தவர்தான். முந்நூற்றைம்பது பேரில் எண்பத்துச் சொச்சம் பேர்தான் பிழைத்தார்கள் என்று ஒரு பழைய கணக்கு உலவுகிறது. பிற்பாடு வரிக்கணக்கையும் சர்ச் பதிவேட்டையும் வைத்துப் பார்த்தவர்கள், ஊரில் ஏறக்குறைய எழுநூறு பேர் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பாதிக்கும் மேல் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்களின் வம்சம் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்துதான் ராத்திரி உங்கள் வீடியோவைப் பார்த்தேன்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு, தியாக பூமி என்று மாலை போட்டு நிறுத்தவும் எனக்கு இஷ்டம் இல்லை. அதுவும் ஒருவகைப் பேய்க் கதைதான். ஊரார் எல்லோரும் மனசார நின்றார்களா, போக இடம் இல்லாமல் நின்றார்களா? ஏழைக்குப் போக்கிடம் ஏது? பக்கத்து ஊர்கள் இவர்களை உள்ளே விட்டிருக்காது. இப்போது நாம் சொல்கிற வீரக்கதை அப்படியே 1666இல் எழுதியது அல்ல, 1800களில் கவிதையும் ஊர் வரலாறும் எழுதியவர்கள் மெல்ல மெல்ல மெருகேற்றியது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். 2016இல் வந்த ஒரு கணக்கீட்டு ஆய்வு, ஈமில் நோய் தொற்றியதில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, கால் பங்குதான் எலி வழியாக வந்தது என்றது. அப்படிப் பார்த்தால் ஊரோடு நின்றது வெளியூர்க்காரர்களைக் காப்பாற்றியிருக்கலாம், உள்ளே இருந்தவர்களுக்கு இன்னும் கெடுதலாகவும் இருந்திருக்கலாம். மார்ஷல் ஹோ என்று ஒருத்தர் கதையும் உண்டு. நோய் வந்து பிழைத்தவர், இனி நமக்கு வராது என்ற தைரியத்தில் பிணம் புதைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு, கூலியாகச் செத்தவர் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவாராம். கடைசியில் அவர் மனைவியும் மகனும் அதே நோயில் போனார்கள். மாம்பெசனும் 1669இல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, அந்த ஊர்க்காரர்கள் பயந்து அவரைக் கொஞ்ச காலம் வெளியே குடிசையில் தங்க வைத்தார்கள் என்பார்கள். இப்படி நல்லதும் கெட்டதும் பயமும் கலந்த மனிதர்கள் அவர்கள். நம் ஊர் மாதிரியேதான்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு, குழுவில் இருக்கும் கொங்கு ஆட்களுக்குத் தெரியும். பிளேக் வந்த காலத்தில் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியே தோட்டத்தில் சாளை போட்டுத் தங்கியதை, தன் அம்மா சொன்னதாக என் அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்வார். எலி செத்து விழுந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும் என்பார். எனக்குத் தெரிந்த பிளேக் கதை ஓடிப்போன கதை, ஈம் கதை நின்றுவிட்ட கதை. இரண்டுமே சரியான முடிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிளேக் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று யாராவது முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு பேய் வீடியோ எடுத்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன். நானும் அந்தக் கோச்சில் வந்தேன், வேலை பார்க்கிற ஊரைச் சங்கத்து ஆட்களுக்குக் காட்டலாம் என்று ஆசையோடு வந்தேன். சர்ச் பக்கத்தில் வரிசையாக இருக்கும் வீடுகளின் முன்னால், இந்த வீட்டில் யார் யார் செத்தார்கள் என்று பெயர்ப்பலகை இருக்கும். அந்த வீடுகள் மியூசியம் இல்லை, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். நம் பிள்ளைகள் மூன்று வீட்டில் காலிங்பெல் அடித்துவிட்டு ஓடினார்கள். ஒரு வீட்டில் டீ கப்பும் கையுமாக ஒரு பெரியவர் வந்து கதவைத் திறந்தார். வீடியோவில் அந்த இடத்துக்கு "பேய் வந்துருச்சு" என்று எழுத்துப் போட்டு, அவர் முகத்தை நிறுத்திப் பெரிதாக்கி, சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு எண்பத்துக்கு மேல் இருக்கும். போன வருடம் என்னிடம் கேட்டார்: "உங்கள் ஆட்களா அவர்கள்?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? "சின்னப் பிள்ளைகள்தானே" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அது இன்னும் உறைத்தது.

எல்லைக்கல் குழியில் யாரோ வைத்திருந்த காசை ராசிக்காக எடுத்துக்கொண்டு வந்தது ஒருவர். காத்தரின் மாம்பெசன் கல்லறைக்குப் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். கோச்சை ஊருக்குள்ளேயே கொண்டுவந்து, குறுகலான தெருவில் திருப்ப முடியாமல் நாற்பது நிமிடம் வழியை அடைத்தோம். அடுத்த வீட்டு மாத்திரைக்கு வரவேண்டிய என் தோழி அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டியது தனிக்கதை.

ரைலி கல்லறைகளிடம் நடந்ததை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். வயலுக்கு நடுவே சின்ன வட்டச் சுவர், உள்ளே ஏழு பேரின் கல். நம் ஆட்கள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து குரூப் போட்டோ எடுத்தார்கள். அந்த நேரத்தில் வன்னியிலிருந்து வந்த நம் சங்கத்து அக்கா ஒருவர் கொஞ்சம் தள்ளி வேலிப் பக்கம் நின்றார். நான் அந்தக் கற்கள் யாருடையவை, யார் புதைத்தது என்று அவருக்குச் சொன்னேன். "ஒவ்வொண்டாத் தானே புதைச்சவவோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, கோச்சில் ஏறியும் பேசவில்லை. முன் சீட்டில் அந்தாக்ஷரி நடந்துகொண்டிருந்தது. இந்த வருடம் அவர் பேர் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நான் சிரிக்கவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை. ஊர்க்காரர்களே சிரிக்கிறவர்கள்தான், மியூசியத்துக் கூரையில் காற்றுத் திசை காட்டும் கருவியில் எலியை உட்கார வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் எலி. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஊரே விழாக்கோலமாக இருக்கும், முழு ஆட்டை வாட்டுவார்கள், தண்ணீர்த் தொட்டி, கிணறு பக்கமெல்லாம் களிமண் பூசிய பெரிய பலகைகளை நிறுத்தி அதில் பூவிதழ், இலை, விதை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்து வைப்பார்கள். நம் பூக்கோலத்தை நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இதழ் ஒட்டுகிற வேலைக்கு ராத்திரி பகலாக ஊரே உட்காரும். நம் பெண்கள் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டார்கள். போன வருடம் அதற்கு முன்னால் இரண்டே நிமிடம் நின்றோம். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நம் பிள்ளைகள் சர்ச் வளாகத்தில் ஹாரி பேக்‌ஷா கல்லறையைப் பார்க்காமலே வந்துவிட்டார்கள். டார்பிஷயருக்கு ஆடியவர், பிறகு அம்பயர். அவர் கல்லில் ஸ்டம்ப் சரிந்து பெயில் பறப்பதையும், மேலே அவுட் என்று விரலைத் தூக்கியதையும் செதுக்கியிருக்கிறார்கள். சாவைப் பற்றி இதைவிட நல்ல நகைச்சுவை எந்தக் கல்லறையில் இருக்கிறது? பேயைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைத் தவறவிட்டோம்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தேதியை மாற்றுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வேண்டாம், போகவே வேண்டும் என்றால் அதற்கு முந்திய சனிக்கிழமை போகலாம், பூப்பலகை பார்க்கலாம். எந்தத் தேதியானாலும் கக்லெட் டெல்ஃபில் சாப்பாடும் ஸ்பீக்கரும் கூடாது. சாப்பாட்டை வழியில் எங்காவது பூங்காவில் முடித்துக்கொள்வோம், அல்லது ஊரில் இருக்கும் கடைகளிலேயே வாங்கிச் சாப்பிடுவோம், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். கோச் இரண்டும் மியூசியம் எதிரே இருக்கிற கார் பார்க்கோடு நிற்க வேண்டும், ஊருக்குள் பதினைந்து பேர் பதினைந்து பேராக நடந்து போக வேண்டும். பேய் வேடப் போட்டியை ரத்து செய்யுங்கள். குழந்தைகளுக்கு ஏதாவது போட்டி வைத்தே ஆகவேண்டும் என்றால், 1666 ஜூனில் நீங்கள் அந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தால் நின்றிருப்பீர்களா ஓடியிருப்பீர்களா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஓடியிருப்பேன் என்று எழுதுகிற பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். திருத்தம் போட்டால் போதாதா என்று செயலாளர் தம்பி கேட்கலாம். போதாது, அந்தப் பெரியவரின் முகம் அதில் இருக்கிறது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. எடுத்துவிட்டு, எடுத்ததற்குக் காரணத்தையும், ஈமம் கதை தப்பு என்பதையும் சங்கத்தின் பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள். அவருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதமும் வேண்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காசை எடுத்து வந்தவர் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை, என்னிடம் கொடுத்தால் அதையும் திருப்பி வைத்துவிடுகிறேன்.

ஊரைப் பற்றித் தமிழில் நாலு பக்கக் கையேடு நான் எழுதித் தருகிறேன், அச்சடிக்கும் செலவு மட்டும் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். கோச் முன்பணம் கட்டியாயிற்று, தேதி மாற்றினால் கட்டணம் கேட்பார்கள் என்று பொருளாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எவ்வளவு என்று சொல்லுங்கள், அதில் பாதியை நான் தருகிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதற்கு எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, ஜூலை முடிவதற்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

உங்கள் சங்கத்து உறுப்பினர்,
கோயம்புத்தூர்க்காரி, கேரர்